நான்காவது புஷ் பித்தளை

ஏகாம்பரத்தின் கை வெந்ததற்குக் காரணம் நான். அவனுடைய பற்றவைப்பு அல்ல. இதை அவனிடம் இன்றுவரை சொல்லவில்லை.

மறைமலைநகரில் இருவருக்கும் ஒரே தொழிற்சாலை. நான் லேத், அவன் பற்றவைப்பு. தொண்ணூற்றெட்டில், ஞாயிறுதோறும் செங்கல்பட்டில் என் வீட்டில் ஒரு நீராவிப் படகின் மாதிரியைச் செய்தோம். முழங்கை நீளம், செம்புக் கொதிகலன். அதில் அழுத்தமானி முதலியவற்றைத் திருக, கொதிகலனோடு பற்றவைத்த நான்கு வளையங்கள் தேவை. புஷ் என்போம்.

புஷ்ஷுக்குக் கன்மெட்டல் என்ற வெண்கல வகைதான் வேண்டும். பித்தளை கூடாது, கொதிநீர் அதிலுள்ள துத்தநாகத்தை மெல்ல அரித்துவிடும். மிஞ்சுவது ரஸ்க் போல உதிரும் செம்பு. இந்த விதியை நாட்குறிப்பில் எழுதி அவனுக்குப் படித்துக் காட்டியவனே நான்தான்!

நான்காவது புஷ்ஷில் மரையை அளவு தவறிக் கடைந்துவிட்டேன். கன்மெட்டல் தீர்ந்திருந்தது. சொல்லியிருக்கலாம்... அளவு தவறாதவன் என்ற பெயர் என்னைத் தடுத்தது. பித்தளையில் ஒன்று கடைந்து நீட்டினேன்.

"இன்னா மச்சான், இது மட்டும் மஞ்சளா கீது?"

"உன் கண்ணுக்குக் காமாலை. அதே கட்டைதான்டா, பத்த வை."

சிரித்தான். "நீ சொன்னா சரி. ஸ்கேலு தப்பு பண்ணும், நீ பண்ணமாட்ட!"

நாட்குறிப்பில், 'புஷ் நான்கு, கன்மெட்டல்' என்று எழுதினேன். ஒரு வரிப் பொய். என்ன அழகான கையெழுத்து!

சோதனையில் கொதிகலன் தேறியது. இரண்டு ஆண்டுகள் ஓடியது. பிறகு ஒருநாள், மாமல்லபுரத்துக் கால்வாய்க்கரையில், அவன் வால்வைத் திருகக் குனிந்தபோது அந்தப் புஷ் அடியோடு பிய்ந்தது. ஆவி அவன் வலக்கையில் அடித்தது.

அவன் கையைக் கால்வாய் நீரில் அமுக்கிக்கொண்டிருந்தான். நான் என்ன செய்தேன் தெரியுமா? மணலில் கிடந்த புஷ்ஷைத் தேடி எடுத்தேன். முறிந்த முகம் மஞ்சளாக இல்லை, செம்பின் இளஞ்சிவப்பு. பார்த்தவுடன் புரிந்தது. தண்ணீரில் எறிந்தேன்... அதற்குப் பிறகுதான் ஆட்டோவைக் கூப்பிட்டேன்.

"நான் பத்த வச்சதுதான் வுட்டுருச்சு மச்சான்" என்றான் ஆஸ்பத்திரியில். நான் தலையசைத்தேன். ஆம், அசைத்தேன்!

கை இரண்டு மாதத்தில் ஆறியது. ஆனால் அவன் மறுபடி பற்றவைக்கும் டார்ச்சைத் தொடவில்லை. "இம்மாத்துண்டு டப்பாவுலயே கோட்ட வுட்டேன். கம்பெனி வேலைல யாரு உசுர எடுப்பேனோ?" என்று சொல்லி, தானே கேட்டு ஸ்டோருக்கு மாறினான். அந்தத் தொழிற்சாலையில் அவனைப் போல் பற்றவைக்க ஆள் இல்லை. எனக்குத் தெரியும்.

சென்ற வாரம் வீட்டுக்கு அழைத்திருந்தான். சமையல் காஸுக்குப் புது டியூப் மாட்டியிருந்தான். "என் கை மேல நம்பிக்கை இல்ல. நீ ஒருவாட்டி பாத்துடு."

சோப்புநீர் தடவிப் பார்த்தேன். ஒரு குமிழிகூட இல்லை. அத்தனை நேர்த்தியான வேலை!

"சரியாத்தான் கீது" என்றேன்.

"நீ சொன்னா சரி" என்றான். அவன் மனைவி காபி கொண்டுவந்தாள். உட்கார்ந்து குடித்தேன்.