இங்கிலீஷ் படத்தின் இடைவேளை

அந்த சூப்பர்ஹீரோ படத்தின் முதல் பாகத்தை என் மகள் ஆறாம் வகுப்பில் என்னோடு பார்த்தாள். கடைசியில் நாயகன் விண்வெளியில் தனியாக மிதந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். இரண்டாம் பாகத்தையும் சேர்ந்துதான் பார்க்க வேண்டும் என்று அன்றே பேசிவைத்தோம். இப்போது அவள் கல்லூரியில் படிக்கிறாள்.

திருமுடிவாக்கத்துப் பட்டறையில் சண்டை போட்டு லீவு வாங்கி, தாம்பரம் தியேட்டருக்கு இரண்டாம் பாகம் பார்க்கக் கூட்டிப் போனேன். திரையில் விண்கலம் தீப்பிடித்து எரிந்துகொண்டிருந்தது. அவளோ செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்தாள்.

“அப்பா, பப்ஸா பாப்கார்னா? கூட்டம் வர்றதுக்குள்ள வாங்கிட்டு வந்துடறேன்.”

அவள் படியிறங்கும்போதே, நாயகன் பாதி வசனத்தில் இருக்க, படம் சட்டென்று நின்று விளக்கு எரிந்தது. இங்கிலீஷ் படத்துக்கு ஏது இடைவேளை? நம்மூரில் நினைத்த இடத்தில் நிறுத்துவார்கள். அது எந்த இடம் என்று ஏற்கெனவே பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

யாரோடு பார்த்தாய் என்று வாய்வரை வந்துவிட்டது. பப்ஸை மென்று விழுங்கினேன். கோபத்தில் ருசியே தெரியவில்லை.

கடைசியில் நாயகன் வீடு திரும்பும் காட்சியில் அவள் என் கையைப் பிடித்தாள். திரும்பினேன். அவள் திரையைப் பார்க்கவில்லை. நான் அழுகிறேனா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.