லைனுக்கு ஐந்தாவது அர்த்தம்

பி.எட். பயிற்சிக்காகச் சிதம்பரம் பள்ளி ஒன்றில் எட்டாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுத்தேன். ‘லைன்’ என்ற சொல்லுக்கு எத்தனை அர்த்தம் என்று கேட்டேன். கோடு, வரிசை, பாடலின் அடி, ஃபோன் லைன் என்று நான்கு வந்தன. என் பாடக்குறிப்பில் இருந்ததும் அவ்வளவுதான். அப்போது குமராட்சியிலிருந்து வரும் ஒரு பெண் எழுந்து, “லைன் நடவு, டீச்சர்” என்றாள்.

“சேத்துல என்னாடி இங்கிலீஷு?” என்றான் சன்னலோரம் இருந்த பையன். எல்லோரும் சிரித்தார்கள். அவள் தலையைக் குனிந்து உட்கார்ந்துவிட்டாள்.

அன்று காலை என் அம்மாவும் லைன் நடவுக்குத்தான் போயிருந்தார். வீட்டில் முதலில் படித்தவள் நான் என்று கல்லூரியில் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன்; அம்மாவின் வேலையை மட்டும் சொன்னதில்லை. கடைசி பெஞ்சில் பேராசிரியை எனக்கு மதிப்பெண் போட உட்கார்ந்திருந்தார்.

“எப்படி நடுவாங்கன்னு சொல்லும்மா” என்றேன்.

அவள் மெதுவாக எழுந்தாள். “ரெண்டு பக்கமும் கயிறு புடிச்சு, அது நேருக்கு நாத்த நட்டுக்கினே பின்னால வருவாங்க டீச்சர்.”

“சரிதான். எங்கம்மா இன்னைக்கு அந்த வேலைக்குத்தான் போயிருக்காங்க” என்று சொல்லிவிட்டு, பலகையில் ஐந்தாவதாக அதை எழுதினேன். பேராசிரியை பக்கம் பார்க்கவில்லை.

சிரித்த பையன் கையைத் தூக்கினான்.

“டீச்சர், எங்க ஊர்ல எங்கம்மாதான் கயிறு புடிக்கிற ஆளு.”