மாடி வீட்டுக் கரியடுப்பு

கோவில்பட்டியில் எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்தவர் துபாயிலிருந்து திரும்பும்போது கோழி சுடுகிற கரியடுப்பு ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். அங்கே அவருக்கு சூப்பர்வைசர் வேலை என்று அவர் மனைவி தெரு முழுக்கச் சொல்லியிருந்தாள். நல்ல உயரம். எப்போதும் இஸ்திரி போட்ட சட்டைதான். ஞாயிறுதோறும் மொட்டைமாடியில் கோழி சுட்டு எங்களையும் கூப்பிடுவார்.

கோழியை எடுத்ததும், சூடு ஆறுமுன் பாதி வெங்காயத்தை முள்கரண்டியில் குத்தி, அடுப்பின் மேல் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தேய்ப்பார். பிசுக்கெல்லாம் உரிந்து வரும். பிறகு துணியில் எண்ணெய் தொட்டுத் தடவுவார். அது முடியாமல் சாப்பிட உட்கார மாட்டார்.

ஒரு ஞாயிறு, துபாயில் அவரோடு இருந்த கடம்பூர்க்காரர் ஒருவர் போளிப் பொட்டலத்தோடு வந்தார். இவர் தேய்ப்பதைப் பார்த்ததும் சிரித்துவிட்டார்.

“ஊருக்கு வந்தும் இதே வேலைதானா அண்ணாச்சி?” என்றவர், எங்கள் பக்கம் திரும்பி, “அரபி வீட்ல அடுப்பு அம்புட்டையும் இவியதான் தேய்ப்பாவ” என்றார்.

மாடி வீட்டுக்காரர் தலை நிமிராமல், தேய்த்த கம்பியையே திரும்பத் திரும்பத் தேய்த்தார். கழுத்தெல்லாம் வேர்த்துவிட்டது. மனைவி அருகில் வந்து குத்தவைத்து உட்கார்ந்தாள்.

“எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்லா?”

“வெக்கமா இருந்துச்சுட்டி.”

அவள் எண்ணெய்த் துணியை எடுத்து, அவர் தேய்த்த கம்பிகளைத் துடைக்கத் தொடங்கினாள். நாங்கள் சத்தமில்லாமல் கீழே இறங்கிவிட்டோம்.

அடுத்தடுத்த ஞாயிறுகளிலும் மாடியில் புகை எழுந்தது. கம்பி தேய்க்கும் சத்தமும் கேட்டது. எங்களை மட்டும் அவர் பிறகு கூப்பிடவே இல்லை. கூப்பிடாமலே ஏறிப் போயிருக்கலாமோ என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.