லாபத்தைச் சேர்த்து ஆறு

என் பெயர் இன்பம். அது பெயரில் மட்டும்தான் இருக்கிறது என்று வார்டில் சின்ன நர்ஸுகள் என் முதுகுக்குப் பின்னால் சொல்வார்கள். சொன்னால் சொல்லட்டும். என் டூட்டியில் ஒரு ஊசி தவறியதில்லை. இப்போது ரிட்டயர் ஆகி ஏழு வருடம். வாலாஜாபேட்டையில் வீடு, பக்கத்தில் கார் ஷெட், ஷெட்டுக்குள் என் வீட்டுக்காரர் ஓட்டிய பழைய கார். அவர் கர்த்தருக்குள் போய் நான்கு வருடமாகிறது. எனக்கு ஓட்டத் தெரியாது. அதை விற்றுவிடு என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஒருவராவது நேரில் வந்து சொல்கிறார்களா என்றால் இல்லை, எல்லாம் போனில்தான்.

போன மாசியில் ஒரு நாள் மத்தியானம், ஷெட்டில் டமார் என்று ஒரு சத்தம். சிலிண்டர்தான் வெடித்துவிட்டது என்று ஓடினேன். ஷட்டரின் ஸ்பிரிங் அறுந்திருந்தது. தூக்கிப் பார்த்தேன், ஒரு விரற்கடைகூட நகரவில்லை. ஷட்டரின் வெளிப்பக்கம் பெயிண்டில் எழுதியிருந்த நம்பருக்குப் போன் போட்டேன்.

"பூவரசன்தாம்மா பேசறேன். பழைய ஷட்டரா? நாங்க காலைல வந்துடறோம். ரெண்டு பேரு வர்றோம்."

ரெண்டு பேர் என்றதால் ரெண்டு டம்ளர் டீ போட்டேன். காலையில் மொபெட்டில் ஏணியைக் கட்டிக்கொண்டு வந்து இறங்கியது ஒரே ஆள். ஐம்பத்தைந்து வயதிருக்கும், ஒல்லி உடம்பு, சட்டைப் பையில் டெஸ்டர்.

"இன்னொரு ஆள் எங்கே?"

"பின்னாடி வர்றாங்கம்மா."

டீ ஆறி ஆடை படிந்தது. யாரும் வரவில்லை. மாத்திரையை வாய்க்குள் அதக்கிக்கொண்டு முழுங்கிவிட்டேன் என்று சொல்லும் நோயாளிகளை முப்பத்தைந்து வருடம் பார்த்தவள் நான். பொய் எனக்குத் தெரியாதா?

ஆனால் வேலைக்காரர்தான், சந்தேகமில்லை. ஷட்டர் சுருளுகிற, ஸ்பிரிங் கோத்த அந்த இரும்பு பைப்பைக் கயிறு போட்டு ஒற்றை ஆளாக இறக்கினார். அறுந்தது ஒரு ஸ்பிரிங்தான். இரண்டையும் மாற்ற வேண்டும் என்றார்.

"ஜோடியா வேலை செஞ்சதும்மா. ஒண்ணு போச்சுன்னா மத்ததும் ரொம்ப நாள் தாங்காது."

"ஏன் தாங்காது? நான் தாங்கிட்டுத்தானே இருக்கேன்?" என்று வெடுக்கென்று கேட்டேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்கே வெட்கமாகிவிட்டது. எனக்கு வாய் ஜாஸ்தி.

பிறகு அவராகவே பேசிக்கொண்டு வேலை பார்த்தார். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஸ்பிரிங்குக்கு கிரீஸ் வைக்கணும். ஷட்டர் ஓடுகிற ரெண்டு பக்கக் காடியிலும் மண் சேராமல் துணியால் துடைக்கணும். அங்கே கிரீஸ் பூசினால் மண்ணுதான் அப்பும். ஒரு பக்கமாகப் பிடித்துத் தூக்கக் கூடாது. இடுப்பு உயரத்தில் விட்டால் ஷட்டர் ஏறாமல் இறங்காமல் நிற்கணும். நிற்காவிட்டால் உடனே ஆளைக் கூப்பிடணும். இவ்வளவையும் வாசல் பக்கம் பார்த்தபடி, அங்கே யாரோ நிற்கிற மாதிரி சொன்னார்.

பைப்பை மேலே ஏற்றியதும் ஸ்பிரிங்கை முறுக்க வேண்டும். ஏணியில் நின்று, ரிஞ்சு என்கிற பெரிய குறடால் பைப்பைப் பிடித்து, ஒவ்வொரு சுற்றாக. என் ஷட்டருக்கு ஆறு சுற்று. ஏறினார், முறுக்கினார், "ஆச்சா?" என்று கீழே பார்த்துக் கேட்டார். கீழே யாருமில்லை. "ஆச்சு" என்று அவரே சொல்லிக்கொண்டார். அடுத்த சுற்றில் ரிஞ்சு லேசாக நழுவியது. எனக்கு உயிரே போய்விட்டது.

"இறங்குங்க கீழே! யாரும் பின்னாடி வரல, இல்ல?"

இறங்கி ஏணியின் கடைசிப் படியில் உட்கார்ந்தார். முறுக்கிய சுற்றுகளும் தளர்ந்துவிட்டன.

"என் வீட்டுக்காரி கெங்கம்மா வருவாம்மா. இருபத்தாறு வருஷம் அவதான் கீழ நின்னு எண்ணுவா. ஆம்பூர் ஷூ கம்பெனி குடோனுங்க ஷட்டரெல்லாம் நாங்க ரெண்டு பேருந்தான். போன ஆடிக்கு முந்தின ஆடில போய்ட்டா. தனி ஆளுன்னு சொன்னா யாரும் வேலை குடுக்க மாட்டேங்கறாங்க. அதான் ரெண்டு பேருன்னு சொல்றது."

ஜோலார்பேட்டையில் மகள் பாரதி இருக்கிறாள். வேலையை விட்டுவிட்டு வா என்று தினமும் போன் செய்கிறாளாம். போன வருடம் தோளில் அடிபட்டபோது, இன்னொரு தடவை அடிபட்டால் சாமானையெல்லாம் எடைக்குப் போட்டுவிட்டு வந்துவிடுகிறேன் என்று அவள் தலையில் அடித்துச் சத்தியம் செய்திருக்கிறார்.

"அங்க போய் இன்னாம்மா பண்றது? டீவி பாக்கறதா? இங்கன்னா எந்தத் தெருவுக்குப் போனாலும் நாங்க போட்ட ஷட்டர் இருக்குது."

"ஏறுங்க. நான் எண்ணறேன். முப்பத்தஞ்சு வருஷம் நர்ஸா இருந்தவ. எண்ணிக்கைல எங்கிட்ட தப்பு வராது" என்றேன். பெருமை பேசினேன்.

அவர் முகம் மலர்ந்தது. ஏணியில் ஏறி, ரிஞ்சைப் பிடித்து, கண்ணை ஒரு கணம் மூடி, "லாபம்" என்று சொல்லி ஒரு சுற்று முறுக்கினார். "ம், இனிமே நீங்க சொல்லுங்க சிஸ்டர்."

நாங்கள் எதையும் ஸ்தோத்திரம் சொல்லி ஆரம்பிப்போமே, அந்த மாதிரி இவருக்கு இது என்று நினைத்துக்கொண்டேன். அந்த முதல் சுற்று பிடிமானத்துக்கு முறுக்கியது போல, கணக்கில் வராது என்று விட்டேன். அடுத்த சுற்றுக்கு உரக்க "ஒண்ணு" என்றேன். இரும்பு கிரீச்சிட்ட சத்தத்தில் அது அவர் காதில் விழவில்லை. ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு. ஆறு என்றதும் நிறுத்தி போல்ட்டை இறுக்கினார். கீழே ஒரு குரல் எண்ணும்போது அவர் எண்ணுவதில்லை; இருபத்தாறு வருடப் பழக்கம்.

ஷட்டரை மாட்டி, இழுத்து, இடுப்பு உயரத்தில் வைத்துக் கையை எடுத்தார். நிற்கவில்லை. சடாரென்று மேலே பறந்தது. கைப்பிடி அவர் வலது மணிக்கட்டில் அடித்த சத்தத்திலேயே எலும்பு போய்விட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அட்டையை மடித்துக் கைக்கு அணைவாக வைத்து, என் வீட்டுக்காரரின் கழுத்து டையால் கட்டி, ஆட்டோவில் ஏற்றினேன். பாதி வழியில், வலியோடு வலியாகக் கேட்டார்.

"எத்தனை எண்ணீங்க?"

"ஆறு."

"லாபத்தைச் சேத்தா?"

"லாபமா?"

அவர் என்னையே பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார், கண்ணில் தண்ணீரோடு. "எங்க நைனா காவேரிப்பாக்கத்துல நெல்லு அளந்தவரு. முதல் மரக்காலை ஒண்ணுன்னு சொல்ல மாட்டாங்க, லாபம்பாங்க. லாபம், ரெண்டு, மூணு. எங்க வீட்ல எல்லாருக்கும் அப்டியே வந்துடும். ஒரு சுத்து கூடிப்போச்சு. நாந்தான் சொல்லாம விட்டேன். உங்க மேல தப்பில்ல சிஸ்டர்."

என் மேல்தான் தப்பு. தெரியாத ஒரு வார்த்தையை, என்ன என்று கேட்காமல் விட்டேன். எந்த வார்டில் இதற்கு மன்னிப்பு உண்டு?

மாவுக்கட்டு போடும்போது அவர் போன் அடித்தது. திரையில் பாரதி. எடுக்காதீங்க என்று தலையாட்டினார். நான் எடுத்தேன். நடந்ததைச் சொல்லி, "உங்க அப்பா சரியாத்தான் முறுக்கினார். தப்பா எண்ணினது நான். இதை அந்தச் சத்தியத்துல சேக்காதம்மா" என்று கெஞ்சினேன். யாரிடமும் கெஞ்சாதவள் நான்.

"தப்பு யாருதா இருந்தா இன்னா ஆன்ட்டி," என்றாள் அந்தப் பெண், அழுதுகொண்டே. "கீழ நிக்க எங்கம்மா இல்லையே."

மறுநாள் மருமகன் வந்து ஜோலார்பேட்டைக்கு அழைத்துப் போய்விட்டார்.

என் ஷட்டர் இன்றைக்கும் இடுப்பு உயரத்தில் நிற்பதில்லை. கொக்கியை எடுத்தால் சர்ரென்று மேலே ஓடுகிறது. இழுத்து மூடுவதற்குள் தோள் கழன்றுவிடுகிறது. வேறு ஆளைக் கூப்பிட்டால் பத்து நிமிட வேலை. நான் கூப்பிடவில்லை. மாவுக்கட்டுப் பிரித்திருப்பார்கள் என்று கணக்குப் போட்டு, மேலும் ஒரு மாதம் பொறுத்து, அவருக்குப் போன் செய்தேன்.

"ஒரு சுத்து ஜாஸ்தியா இருக்குது. வந்து குறைச்சுக் குடுங்க. பெரிய வேலை இல்ல. கீழ நான் நிக்கிறேன். இப்ப எனக்கு எண்ணத் தெரியும். லாபம், ரெண்டு, மூணு. சரிதானே?"

அந்தப் பக்கம் டீவி ஓடுகிற சத்தம் கேட்டது.

"சரியா சொல்றீங்க சிஸ்டர்," என்றார். "ரிஞ்சு, ஏணி எல்லாத்தையும் நாங்க எடைக்குப் போட்டுட்டோம்."