நிவாரணத்தை நிறுத்திய தையல் மெஷின்

இன்று கண்டியில் கெலிஓயா பஸ் புறப்படக் காத்திருந்தபோது, பக்கத்தில் இருந்த அக்கா ஒரு மேன்முறையீட்டுப் படிவத்தை நீட்டினார்.

"எனக்கு எழுத்து சரியா வராது தங்கச்சி. நிரப்பித் தர்றீங்களா?"

அவருடைய மாதாந்த நிவாரணம் நின்றுவிட்டது. கணவருக்கு மருந்து வாங்குவது அதில்தான்.

"ஏன் நிறுத்தினாங்க?"

"கணக்கெடுக்க வந்தவங்க, வீட்டுல தையல் மெஷின் இருக்கான்னு கேட்டாங்க. இருக்குன்னேன். சுயதொழில் செய்றாங்கன்னு எழுதிட்டுப் போயிட்டாங்க."

அந்த மெஷின், முந்தைய ஆட்சியில் தேர்தலுக்கு முன் மேடையில் வைத்து இலவசமாகக் கொடுத்தது. அக்காவுக்குத் தைக்கத் தெரியாது.

"தைக்கத் தெரியாதுன்னு மேடையிலயே சொல்லியிருக்கலாமே?"

"பேர் சொல்லிக் கூப்பிட்டு, ஃபோட்டோ பிடிச்சுக் குடுக்குறப்ப எப்படிங்க சொல்றது?"

காரணம் எழுதும் இடத்தில் இரண்டே கோடுகள். முடிந்த மட்டும் பொடி எழுத்தில் எழுதினேன்.

"கெம்பஸ் போய்ப் பட்டம் எடுத்த பிள்ள மாதிரி இருக்கீங்க. என்ன படிச்சீங்க?"

"அரசியல் விஞ்ஞானம்."

"அப்ப உங்களுக்குத் தெரியும். ஜனாதிபதி முறைய எடுத்துட்டு வேற முறை கொண்டு வரப் போறாங்களாமே. அதுலயாவது, குடுக்க வர்றவங்களும் கணக்கெடுக்க வர்றவங்களும் ஒருத்தர ஒருத்தர் கேட்டுக்குவாங்களா?"

நான்கு வருடம் ஆட்சி முறைகளைப் படித்தேன். இந்தக் கேள்வி எந்த வினாத்தாளிலும் வரவில்லை.

பதில் தெரிந்தவர்கள் கீழே கமெண்டில் எழுதுங்கள். நாளைக் காலை அக்கா படிவத்தைக் கொடுக்கப் போகிறார்.