என் கணவரின் முதல் மனைவி

எழுபதுகளின் நடுவில் நாங்கள் மெல்பேர்னில், கிளேட்டனில் ஒரு பலகை வீட்டில் வாடகைக்கு இருந்தோம். கணவர் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். மகளுக்கு ஏழு வயது. அவள் வகுப்பில் கிரேக்கப் பிள்ளைகள் சிலர், இத்தாலியப் பிள்ளைகள் சிலர், மற்றவர்கள் எல்லாம் வெள்ளைக்காரப் பிள்ளைகள். எங்கள் நிறத்தில் அவள் ஒருத்திதான்.

அந்த வயதுப் பெண்பிள்ளைகளின் பேச்சு முழுக்கக் காதலும் கல்யாணமும்தான் என்பது எனக்கு அங்கேதான் தெரிந்தது. யார் யாரைக் கட்டப்போகிறார்கள், யார் வடிவு, யாருடைய முடி பொன்னிறம் என்பதையெல்லாம் பின்னேரம் பால் குடித்துக்கொண்டே மகள் எனக்குச் சொல்லுவாள். தொலைக்காட்சியில் ஷாம்பு விளம்பரம் வந்தால் அந்தப் பெண்ணைப்போலத் தலையைச் சிலுப்பிப் பார்ப்பாள். இரட்டைப் பின்னல் வந்து அவள் கன்னத்தில் அடிக்கும். நான் சிரித்துவிட்டு என் வேலையைப் பார்ப்பேன்.

ஒரு முறை வகுப்பில் குடும்பத்தைப் பற்றிப் பாடம் நடந்தது. அம்மா அப்பாவின் கல்யாணப் படத்தைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். எங்கள் முன் அறைச் சுவரில் ஒன்று தொங்கியது. யாழ்ப்பாணத்தில் ஒரு ஸ்டூடியோவில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம், மேலே கையால் வர்ணம் பூசியது. கூறைச்சேலைக்கு நல்ல சிவப்பு. என் முகத்துக்கும் கைகளுக்கும் பாலில் ஒரு சொட்டு ரோஸ் கலந்தது போன்ற நிறம். கன்னத்து அம்மைத் தழும்புகளைக்கூட மறைத்திருந்தான். கணவரை மட்டும் அவருடைய நிறத்திலேயே விட்டிருந்தான். உண்மையில் நான் அவரைவிடக் கறுப்பு. ஸ்டூடியோக்காரனை யாரும் பூசச் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் யாரும் சொல்லவில்லை.

படத்தைத் துவாயில் சுற்றி மகளின் பையில் வைத்து அனுப்பினேன். பின்னேரம் வந்தவளிடம், "எல்லாருக்கும் படம் பிடிச்சுதோ?" என்று கேட்டேன். "ஓம்" என்றாள். பையிலிருந்து படத்தை எடுத்து என்னிடம் தந்துவிட்டுப் பால் குடிக்கப் போனாள்.

அதற்குப் பிறகு அவள் என்னிடம் மிகவும் அன்பாக இருந்தாள். கேட்காமலே கோப்பைகளைத் துடைத்து வைத்தாள். நான் கதிரையில் இருந்தால் பின்னால் வந்து கழுத்தைக் கட்டிக்கொண்டு ஆங்கிலத்தில் "ஐ லவ் யூ" என்றாள். எங்கள் வீட்டில் அப்படிச் சொல்லும் வழக்கமில்லை. பள்ளிக்கூடத்தில் பழக்குகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். பிடித்தும் இருந்தது.

ஒரு நாள் அவளைக் கூட்டிவரப் போனபோது வகுப்பாசிரியை வாசலுக்கு வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். இளம்பெண். வேகமாகப் பேசினார். அருமையான பிள்ளை, உங்களுக்குப் பெரிய மனசு, அவளுடைய சொந்த அம்மா என்று துண்டு துண்டாகத்தான் எனக்கு விளங்கியது. கண் கலங்கியிருந்ததால் ஏதோ நல்லதைத்தான் சொல்கிறார் என்று நம்பி "தாங்க் யூ" என்றேன்.

வரும் வழியில் மூலைக்கடையான மில்க் பாருக்கு முன்னால் அந்தத் துண்டுகள் ஒன்றாகச் சேர்ந்தன. இந்தப் பிள்ளையைப் பெற்றவள் செத்துவிட்டாள், நான் அவளை வளர்க்க வந்தவள் என்று அவர் நினைத்திருக்கிறார். அதற்குத்தான் நான் நன்றி சொல்லியிருக்கிறேன். மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கடைக்குள் இருந்தவர்கள் எல்லாரும் என்னைத்தான் பார்க்கிறார்கள் போலிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "பிள்ளை, அந்தப் படத்தைப் பற்றி வகுப்பில என்ன சொன்னனீ?"

அவள் பால் கிளாசைக் கீழே வைத்தாள். "அது நீங்கள் இல்லையெண்டு எல்லாரும் சொல்லிச்சினம். உன்ர அம்மா கறுப்பெல்லோ எண்டு கேட்டவை."

"அதுக்கு?"

"அது அப்பான்ர முதல் வைஃப் எண்டு சொன்னனான். செத்துப் போனா எண்டும் சொன்னனான்." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "அது உண்மைதானே அம்மா? உங்களுக்குக் கவலையா இருக்கும் எண்டுதான் நான் கேக்கேல்ல."

கழுத்தைக் கட்டிக்கொண்டது எதற்கென்று அப்போதுதான் தெரிந்தது. என் மகள் என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டிருக்கிறாள்.

"அப்ப நீ ஆரின்ர பிள்ளையாம்?"

தலையைக் குனிந்துகொண்டாள். "அவவின்ர எண்டு சொன்னனான். அவ வடிவு. எல்லாருக்கும் அவவைப் பிடிச்சுது."

"அது நான்தான் குஞ்சு."

"இல்லை."

படத்தை எடுத்து வந்து என் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்தேன். மூக்கைப் பார், காதைப் பார் என்றேன். அவள் படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி படத்தைப் பார்த்தாள்.

அந்தப் பார்வை எனக்குப் பழக்கமானது. கல்யாணம் பேசியபோது கொழும்பிலிருந்த மாப்பிள்ளைக்கு என் படத்தை அனுப்பியிருந்தார்கள். அதுவும் அதே ஸ்டூடியோக்காரனின் கைவேலைதான். மணவறையில் நான் இருந்தபோது அவருடைய உறவுக்காரப் பெண்மணி ஒருவர், "படத்தில வேற மாதிரியெல்லோ இருந்தது" என்று என் காதில் விழும்படி சொன்னார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். மணப்பெண் தலை குனிந்துதானே இருப்பாள், யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அந்தப் பேச்சை நான் கணவரிடம் சொன்னதே இல்லை. அன்று அவர் என்ன நினைத்தார் என்று கேட்டதும் இல்லை.

அவர் வேலையால் வந்ததும் மகள் படத்தையும் தூக்கிக்கொண்டு வாசலுக்கே ஓடினாள். நான் குசினிக்குள் கரட் வெட்டிக்கொண்டிருந்தேன்.

"அப்பா, இது அம்மாவோ?"

"ஓம், அம்மாதான்."

"அப்ப ஏன் வெள்ளையா இருக்கிறா?"

"ஸ்டூடியோக்காரன் பூசினவன். கல்யாணத்துக்கு முதல் எனக்கு அனுப்பின படத்திலயும் அப்பிடித்தான்."

"உங்களுக்கு ஏன் பூசேல்ல?"

"ஆம்பிளையளுக்குப் பூசுறேல்ல."

அவள் படத்தை மறுபடி பார்த்தாள். "அப்ப உண்மையான அம்மாவைக் கண்டவுடன உங்களுக்குக் கவலையா இருந்ததோ?"

ஒரு "இல்லை" போதுமாயிருந்தது. ஆனால் அவருக்குப் பொய் வராது. கோட்டைக் கழற்றி மாட்டுகிற சத்தம் கேட்டது.

"அண்டைக்குக் கொஞ்சம்" என்றார். பிறகு குசினி வாசலில் நான் நிற்பதைக் கண்டுவிட்டார். "அண்டைக்கு மட்டும்தான்" என்றார். "பிறகு ஒரு நாளும் இல்லை. நீர் நம்பவேணும்."

நான் திரும்பிப் போய் கரட் வெட்டினேன். கறிக்குத் தேவையானதைவிட நிறைய வெட்டினேன்.

அடுத்த நாள் காலையில் மகளோடு பள்ளிக்கூடம் போனேன். சொல்லவேண்டிய ஆங்கில வசனங்களை வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். படத்தில் இருப்பது நான்தான், மேலே வர்ணம் பூசியிருக்கிறார்கள், இவள் என் வயிற்றில் பிறந்தவள் என்று சொன்னதும் ஆசிரியைக்குக் கழுத்துவரை சிவந்துவிட்டது. திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்டார். அதோடு விட்டிருக்கலாம். பிழையைத் திருத்த வேண்டும் என்ற ஆர்வத்தில் என்னை வகுப்புக்குள் கூட்டிக்கொண்டுபோய்ப் பிள்ளைகளுக்கு முன்னால் நிறுத்தி எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

"ஏன் உங்களுக்குப் பெயின்ட் அடித்தார்கள்?" என்று முன்வரிசைப் பெண்பிள்ளை ஒருத்தி கேட்டாள். எங்கள் ஊரில் வெள்ளை என்றால்தான் வடிவு என்று நினைப்பார்கள் என்றேன். அத்தனை வெள்ளைப் பிள்ளைகளுக்கு முன்னால் அதைச் சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்பது எனக்கே கேட்டது. மேசையில் இருந்த கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன். தன் அம்மாவின் கல்யாணப் படத்திலும் கன்னத்தில் சிவப்புப் பூசியிருக்கிறது என்று ஒரு கிரேக்கப் பிள்ளை சொன்னாள். சிலர் சிரித்தார்கள். பிறகு பின்னாலிருந்து ஒரு குரல் மகளின் பெயரைச் சொல்லி, "அப்படியென்றால் நீ பொய் சொன்னாய்" என்றது.

மகள் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். இதைப் பற்றி நான் யோசித்திருக்கவே இல்லை.

பின்னேரம் அவள் எனக்கு முன்னால் நடந்தாள். படலையடியில்தான் திரும்பினாள்.

"நீங்கள் ஏன் வந்தனீங்கள்? நான் சொன்னதை அப்பிடியே விட்டிருக்கலாம்தானே?"

"விட்டிருந்தா, அங்க நான் உன்ர அம்மா இல்லையெல்லோ."

அவள் காலால் புல்லைத் தட்டிக்கொண்டு நின்றாள். "ஆனா அவ வடிவு, அம்மா."

"அப்ப நான்?"

வாயிலிருந்து வந்துவிட்டது. ஏழு வயதுப் பிள்ளையிடம் போய் இதைக் கேட்கிறேனே என்று கூசியது. அவள் என்னை நிதானமாகப் பார்த்தாள். தகப்பனைப்போலவே அவளுக்கும் பொய் கஷ்டம்.

"நீங்கள் அம்மா" என்றாள். உள்ளே போய்விட்டாள்.

அந்தப் பள்ளித் தவணை முடியும்வரை வகுப்பில் அவளைப் பொய்க்காரி என்று கூப்பிட்டார்கள். கிரேக்கப் பிள்ளை மட்டும் அவளோடு இருந்து சாப்பிட்டாள். கழுத்தைக் கட்டிக்கொள்வது நின்றுபோனது. ஷாம்பு விளம்பரம் வந்தால் மகள் அதற்குப் பிறகு தலையைச் சிலுப்பவில்லை. நான் அறைக்குள் இருக்கிறேனா என்று பார்த்துவிட்டு, எழும்பிப் போய் அலைவரிசையை மாற்றினாள். அவள் அதை எனக்காகச் செய்கிறாள் என்பது தெரிந்தும், தெரியாததுபோல நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன்.