கல்வெட்டுக்கு வேண்டாம் எண்டது

முதலிலேயே சொல்லிப்போடுறன், நான் தெரிஞ்சுதான் செய்தனான். பாவம், அறியாமல் செய்துபோட்டாள் எண்டு ஆரும் எனக்காகப் பரிஞ்சு கதைக்கத் தேவையில்லை.

கம்பஸிலை நான் படிச்சது எழுத்து. உதுவும் ஒரு படிப்போ, கையெழுத்து வடிவா வரப் பழக்குவினமோ எண்டு கொக்குவிலிலை எங்கடை ஒழுங்கைச் சனம் கேக்கும். அறிக்கை, விளம்பரம், செய்திக் குறிப்பு எண்டு வயித்துப்பாட்டுக்கான எழுத்து ஒரு பக்கம், கதை கவிதை மற்றப் பக்கம். நாங்கள் ஒன்பது பேர். புதன்கிழமை மத்தியானச் சாப்பாடு முடிய ஒரு நீட்டு மேசையைச் சுத்தி இருப்பம். ஒராள் எழுதினதைப் படிப்பிக்கிற சேர் பேரில்லாமல் பிரதி எடுத்து எல்லாருக்கும் குடுத்து, தானே உரத்து வாசிப்பார். பேந்து ஒருத்தர் விடாமல் அதிலை என்ன பிழை எண்டு சொல்லோணும். எழுதின ஆளும் சொல்லோணும், இல்லாட்டி ஆர் எழுதினது எண்டு பிடிபட்டிடும்.

அந்த மேசையிலை என்ரை வாய்க்குத்தான் மதிப்பு. ஒருத்தி தன்ரை காதல் கவிதையிலை பதினொரு இடத்திலை நிலவு போட்டிருந்தாள். லைற்றை நிப்பாட்டினால்தான் இதுக்குள்ளை ஏதும் தெரியும் எண்டு நான் சொன்னன். எல்லாரும் சிரிச்சினம், அவள் அழுதாள், சேர் என்னைப் பாத்துத் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலுக்காக நான் என்னவும் செய்வன் எண்டு எனக்கு அப்பவே விளங்கியிருக்கோணும்.

பக்கத்துக் கதிரையிலை இருக்கிறது ஒரு பண்டத்தரிப்புப் பெட்டை. அவளுக்கு ஆரையும் நோகப்பண்ண வராது. எந்தக் குப்பைக்குள்ளையும் ஒரு நல்ல வசனத்தைத் தேடி எடுத்துச் சொல்லுவாள். பஸ்ஸிலை வரேக்கை எனக்கும் சேர்த்துப் புட்டும் கத்தரிக்காய்ப் பொரியலும் கட்டிக்கொண்டு வருவாள். நான் அதைச் சாப்பிட்டுப்போட்டு வந்து அவளின்ரை கதையளைக் கிழிப்பன். கோவிக்கமாட்டாள். நீ சொன்னால் சரியாத்தான் இருக்கும் எண்டுவாள்.

அவளின்ரை தாய் பாரிசவாதம் வந்து ரெண்டு வருசமாப் படுக்கை. தகப்பன் இல்லை, தமையன் கனடாவிலை. விடியத் தாயைக் கழுவி, உடுப்பு மாத்தி, சாப்பாடு தீத்திப்போட்டு, பக்கத்து வீட்டு மனிசியைக் காவலுக்கு இருத்திப்போட்டுத்தான் வகுப்புக்கு வருவாள். மூண்டாம் வருசம், மாரி தொடங்கின நேரம், தாய் செத்துப்போனா.

எங்கடை பக்கத்திலை ஒராள் செத்தால் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை. அண்டைக்கு வீட்டிலை சாப்பிட வாற சனத்துக்கு ஒரு சின்னப் புத்தகம் குடுப்பினம். அதுக்குப் பேர் கல்வெட்டு. முகப்பிலை படம், உள்ளுக்குத் தேவாரம், செத்த ஆளின்ரை வரலாறு, பிள்ளையள் புலம்பிற பாட்டு. கல்வெட்டிலை கூடாத மனிசர் ஒருத்தரும் செத்தது கிடையாது. பெண்டிலுக்கு அடிச்சவனும் அதிலை இல்லறத்தை நல்லறமா நடத்திப்போட்டுத்தான் போயிருப்பான். அதாலை கல்வெட்டு எழுத வாற ஆளிட்டை எங்கடை சனம் ஒண்டையும் ஒளிக்காது. எதைச் சொன்னாலும் நல்லதுதான் அச்சிலை வரும் எண்டு ஒரு நம்பிக்கை.

அந்த நம்பிக்கையிலைதான் என்னை எழுதித் தரச்சொல்லிக் கேட்டாள். மூண்டு பின்னேரம் ஸ்கூட்டியிலை பண்டத்தரிப்புக்குப் போனன். தாய் பிறந்த ஊர், படிச்ச பள்ளிக்கூடம், இடம்பெயர்ந்து இருந்த இடங்கள், கை ராசியான வெங்காயத் தோட்டம் எண்டு கொப்பி நிறைய எழுதினன். மூண்டாம் நாள் நான் கொப்பியை மூடினாப்போலைதான் மற்றதைச் சொன்னாள்.

தாய் செத்த அண்டைக்கு நாலு மணிக்குள்ளை புள்ளிக்கு எழுதிற ஒப்படை ஒண்டைச் சேருக்கு அனுப்ப வேண்டியிருந்தது. அறை வாசலிலை மேசையைப் போட்டுக் கணினியிலை அடிச்சுக்கொண்டு இருந்திருக்கிறாள். தாய் தண்ணி கேட்டிருக்கிறா. பொறுங்கோம்மா, உதை அனுப்பிப்போட்டு வாறன் எண்டு இவள் சொல்லியிருக்கிறாள். ரெண்டாந்தரமும் கேட்டிருக்கிறா. மூண்டாந்தரம் கேக்கேல்லை. ஒப்படையை அனுப்பிப்போட்டு எழும்பிப் போய்ப் பாக்கத் தாய் இல்லை.

"உது கல்வெட்டுக்கு வேண்டாம்," எண்டாள். "நான் கடைசி மட்டும் பக்கத்திலை இருந்தனான் எண்டு மட்டும் போட்டுவிடு. அண்ணை வாசிப்பார், சொந்தக்காரர் வாசிப்பினம். அவையின்ரை முகத்திலை தானே நான் இனி முழிக்கோணும்."

ஓம் எண்டன். சொன்னபடி போட்டும் விட்டன். 'அன்னையின் இறுதி மூச்சு வரை அருகிருந்து பேணிய அருமை மகள்' எண்டு, கல்வெட்டுத் தமிழிலை. அந்தியேட்டிக்கு எங்கடை வகுப்பு முழுக்கப் போனது, எல்லாற்றை கையிலையும் ஒரு கல்வெட்டு. அந்த வரியை வாசிச்சுப்போட்டுச் சனம் அவளின்ரை தலையைத் தடவிச்சுது. தமையன் கனடாவிலையிருந்து வீடியோவிலை அழுதார். அவள் பந்தியிலை பாயாசம் ஊத்திக்கொண்டு வந்து எனக்கு ஒரு அகப்பை கூட ஊத்தினாள்.

அந்த நேரம் மற்றது முழுக்க என்ரை கணினியிலை கதையா எழுதி முடிஞ்சு கிடந்தது. கல்வெட்டுக்கு வேண்டாம் எண்டுதானே சொன்னவள், கதைக்கு வேண்டாம் எண்டு சொல்லேல்லையே எண்டு எனக்கு நானே நியாயம் சொன்னன். வெக்கமா இருந்தது எண்டு சொன்னால் பொய். சந்தோசமா இருந்தது. மூண்டு வருசத்திலை அப்பிடி ஒண்டு எனக்கு வாய்க்கேல்லை. ஊரை வவுனியா ஆக்கினன், மகளுக்கு வங்கி வேலை எடுத்துக் குடுத்தன், ஒப்படை வங்கி அறிக்கையாப் போச்சுது. தண்ணியையும் தேத்தண்ணி ஆக்கினன். தேத்தண்ணி எண்டால் இஞ்சி, சீனி, ஆவி எண்டு எழுத நிறையக் கிடக்கு.

ஆர் எப்ப வாசிக்கக் குடுக்கிறது எண்டு வருசத் தொடக்கத்திலையே சேர் சீட்டுக் குலுக்கி, அவரவரிட்டை மட்டும் அவரவற்றை முறையைச் சொல்லி வைச்சவர். என்ரை முறை அந்தியேட்டிக்கு அடுத்த புதன்கிழமை. அவள் இன்னும் ஒரு மாசத்துக்கு வரமாட்டாள் எண்டு நினைச்சுத்தான் இந்தக் கதையைக் குடுத்தன். பாத்தால், மத்தியானம் படியிலை ஏறி வாறாள். கையிலை எனக்கும் சேர்த்துச் சாப்பாட்டுப் பெட்டி.

சேரிட்டைப் போய் இண்டைக்கு வேண்டாம் எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம். நேரம் இருந்தது. அவள் கொண்டந்த புட்டைச் சாப்பிட்டுக்கொண்டு யோசிச்சன். சேர் தலையாட்டிறது கண்ணுக்கு முன்னாலை வந்து நிண்டுது. கையைக் கழுவிப்போட்டு வந்து கதிரையிலை இருந்தன்.

சேர் வாசிக்கத் தொடங்கினார். ரெண்டாம் பக்கத்திலை அவளுக்கு விளங்கியிட்டுது. தாள் பிடிச்ச கை மெல்ல மேசைக்குக் கீழை இறங்கினது. என்ரை பக்கம் திரும்பேல்லை.

வாசிச்சு முடியச் சுத்திவரக் கேட்டார். உப்பிடி ஒரு மகள் எங்கடை சனத்திலை இருக்கமாட்டாள், நம்பேலாமல் கிடக்கு எண்டான் ஒருத்தன். இருந்தால் கட்டி வைச்சு அடிக்கோணும் எண்டு நிலவுக் கவிதைக்காரி சொன்னாள். இன்னொருத்தன், தாய் செத்ததிலை அவளுக்கு உள்ளுக்குள்ளை ஒரு நிம்மதி இருந்திருக்கும், அதை எழுத்தாளர் தொடேல்லை எண்டான். சேருக்கு அது நல்லாப் பிடிச்சுக்கொண்டுது. ஒவ்வொருத்தரும் அந்த மகளை எடுத்துப் போட்டு மிதிச்சினம். எழுதின நான் அவளுக்குப் பக்கத்திலை இருந்து கேட்டுக்கொண்டிருந்தன்.

என்ரை முறை வந்தது. ஒண்டும் சொல்லாமல் விட்டால் பிடிபட்டிடுவன். சும்மா ஏதும் சொல்லியிருக்கலாம், தலைப்புச் சரியில்லை எண்டாவது. நான் என்ன சொன்னன் தெரியுமோ?

"எழுதின ஆள் மகளிலை தேவையில்லாமல் இரக்கப்படுறார்," எண்டன்.

சேர் தலையாட்டினார். பேந்து அவளின்ரை பக்கம் திரும்பி, "நீர் சொல்லும்," எண்டார். தாயைப் பறிகுடுத்த பிள்ளை எண்டு குரலைக் கொஞ்சம் தணிச்சுத்தான் கேட்டார்.

அவள் தாளைத் திருப்பி மேசையிலை வைச்சாள்.

"தேத்தண்ணி கேக்கேல்லை, சேர்," எண்டாள். "தண்ணிதான் கேட்டவ."

சேருக்கு விளங்கேல்லை. ஏன் தண்ணி, காரணத்தைச் சொல்லும் எண்டு கேட்டார்.

"தேத்தண்ணி எண்டால் அடுப்பு மூட்டோணும், நேரம் எடுக்கும். அப்ப மகளிலை அவ்வளவு பிழை சொல்லேலாது. தண்ணி அறைக்குள்ளையே செம்பிலை மூடிக் கிடந்தது. நான் எழும்பி நாலு அடி வைச்சிருக்கோணும், அவ்வளவுதான்."

நல்ல திருத்தம் எண்டு சேர் தன்ரை தாளிலை குறிச்சுக்கொண்டார். மற்ற ஏழு பேரும் குனிஞ்ச தலை நிமிரேல்லை. நிலவுக் கவிதைக்காரியின்ரை கொப்பிக்குள்ளை அந்தக் கல்வெட்டு நீட்டிக்கொண்டு நிண்டுது. அவள் அதை விரலாலை உள்ளுக்குத் தள்ளினாள்.

வகுப்பு விட, நான் பஸ் தரிப்பிடம் மட்டும் பின்னாலை போனன். மன்னிப்புக் கேக்கப் போனன் எண்டு நினைக்கிறியளோ? ஏசத்தான் போனன். ஊரை மாத்தினன், வேலையை மாத்தினன், நீ வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் ஒருத்தருக்கும் தெரிஞ்சிராது, விசரி எண்டு வாயிலை வந்தபடி பேசினன். எனக்குப் பயம், அதுதான் கோவமா வந்தது. அவள் எல்லாத்தையும் கேட்டுப்போட்டு ஓம் எண்டாள். நான் கழுவாமல் விட்ட சாப்பாட்டுப் பெட்டி அவளின்ரை கையிலை இருந்தது. பஸ் வர ஏறிப் போயிட்டாள்.

பிறகு அவள் வகுப்புக்கு வரேல்லை. கம்பஸிலையிருந்து விலகிறன் எண்டு கடிதம் வந்ததாம். தாய் செத்த அண்டைக்கு நாலு மணிக்கு முந்தி அவள் அனுப்பின அந்த ஒப்படைக்கு என்ன புள்ளி எண்டு ஒருநாள் சேரிட்டைக் கேட்டன். அதைத் தான் இன்னும் திறந்தே பாக்கேல்லை, ஆள் விலகினபடியா இனித் திருத்தவும் தேவையில்லை எண்டு சொன்னார்.

வருசக் கடைசியிலை கதையைத் திருத்தி இறுதிப் பிரதி குடுக்க வேண்டியிருந்தது. அவள் சொன்னது சரி. இஞ்சி, சீனி, ஆவி எல்லாத்தையும் வெட்டிப்போட்டுச் செம்பு, மூடி, நாலு அடி எண்டு எழுதினன். சேர் அந்த இடத்தை மட்டும் வகுப்புக்கு ரெண்டுதரம் வாசிச்சுக் காட்டிப்போட்டு, என்னைப் பாத்துத் தலையாட்டினார்.